சபையின் பழைய புகைப்படங்களைத் திரட்டுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

நூற்றாண்டு மலர் வெளியிடுவதென்று சேகரக் கமிட்டி (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) தீர்மானித்த மறு வாரமே, "பழைய போட்டோ வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யாரோ ஒருவர் தலையில் பொறுப்பு வந்து விழும். பெரும்பாலும் அவர் கணினி தெரிந்த இளைஞராகவோ, அண்மையில் ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ இருப்பார். படங்களைப் பாதுகாப்பதிலும் திருச்சபை வரலாற்றிலும் அவருக்குப் பயிற்சி இருக்காது. அவருக்காகவே இதை எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சில சபைகளுக்கும் சில குடும்பங்களுக்கும் இந்த வேலையில் கைகொடுத்தபோது நான் செய்த தவறுகளும் இதில் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுவில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் குருவானவரின் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. அவருடைய கையெழுத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது, ஆலயச் சுவரில் பதித்த கல்லிலும் பெயர் இருக்கலாம். அவருக்குப் பின்னால் நிற்கும் உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்), மிஷன் பள்ளி ஆசிரியை, வீடு வீடாகப் போய் வேதம் கற்பித்த, வெள்ளைச் சேலை கட்டிய வேதாகமப் பெண், மணியடிக்கும் கோயில்பிள்ளை ஆகியோரின் பெயர்களையோ யாரும் முகத்தோடு சேர்த்து எழுதி வைக்கவில்லை. அவை எண்பது வயதைக் கடந்த சிலரின் நினைவில் மட்டும் இருக்கின்றன. ஆகவே ஸ்கேனர் வாங்குவது, அட்டைப்பெட்டி வாங்குவது எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, வெஸ்ட்ரி அறைச் (ஆலயத்தில் குருவானவர் அங்கி மாற்றும் அறை) சுவரில் மாட்டியுள்ள படங்களைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு, சபையின் மூத்தவர்களைப் பார்க்க முதல் வாரத்திலேயே கிளம்பிவிடுங்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சபையின் பூர்வீகத்தை அறிந்துகொள்ளுங்கள்

இன்று சி.எஸ்.ஐ. என்ற பெயர்ப்பலகை தொங்கும் ஆலயங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை மரபு) சபைகளாக இருந்தவை என்று நம்பிவிடுவது, இந்த வட்டாரத்தில் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. அதற்குள் வந்து சேர்ந்தவை மூன்று ஓடைகள்: ஆங்கிலிக்கன் பேராயங்கள் நான்கு, மெதடிஸ்டு சபை, தென்னிந்திய ஐக்கிய சபை. கடைசியாகச் சொன்னது 1908-இல் பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து உருவானது, அதைச் சுருக்கமாக எஸ்.ஐ.யூ.சி. என்பார்கள். பழைய சேலம் ஜில்லாவில் 1827 முதல் ஊழியம் செய்துவந்தது லண்டன் மிஷன் எனப்படும் எல்.எம்.எஸ்.; அது காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தன. எனவே 1947-க்கு முந்தைய உள்ளூர்ப் படம் ஒன்றில் இருக்கும் போதகர் எந்த மரபினர் என்பதை உடையையும் ஏடுகளையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஆங்கிலிக்கன் படங்கள் இங்கே எங்கிருந்து வரும்? மூன்று வழிகளில் வரும். முதலாவது வழி கும்பெனி காலத்திலிருந்து வருவது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து நம் வட்டாரமான பாரமகால் கும்பெனிக்குக் கைமாறியபின் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இந்தப் பகுதியை நிர்வகித்தார்கள். மன்றோ தங்கியிருந்ததன் நினைவாகத் தருமபுரியில் தூண் ஒன்றும் நிற்கிறது. அதிகாரிகளும் பட்டாளமும் இருந்த இடங்களுக்கு அரசாங்கச் சம்பளம் வாங்கும் சாப்ளின்கள் இருந்தார்கள். அவர்கள் மிஷனரிகள் அல்லர், இங்கிலாந்து திருச்சபையின் குருமார். இரண்டாவது வழி பேராயர்களின் வருகை. மூன்றாவது வழியே நடைமுறையில் பெரியது: திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் வந்தவர்கள், ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஆலை வேலைக்கு வந்தவர்கள் ஆகிய குடும்பங்கள் தங்கள் டிரங்குப் பெட்டிகளில் கொண்டுவந்த ஆல்பங்கள். அந்தக் குடும்பங்களின் முன்னோர் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்களின் சபைகளில் வளர்ந்தவர்கள். ஆகவே ஓசூர் வீட்டில் கிடைத்த படத்தின் பின்னணியில் உயரமான கூர்கோபுரம் தெரிந்தால், அது மெஞ்ஞானபுரமாக இருக்குமா என்று பார்த்துவிட்டுப் பிறகு உள்ளூரில் தேடுங்கள். "இது நம் ஊர் ஆலயமே அல்ல" என்று கமிட்டியில் சொல்லும்போது சிலர் முகம் வாடத்தான் செய்யும். அதற்காகத் தவறான ஊர்ப் பெயரை மலரில் அச்சிட முடியாது.

வீடுகளுக்குப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு அறிமுகமான ஒருவரை அழைத்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்த பிற்பகலில் போவது நல்லது. படத்தைக் கேட்டவுடன் வாங்கிக்கொண்டு வந்துவிடவும் கூடாது. முடிந்தவரை அங்கேயே, சன்னல் வெளிச்சத்தில் படமெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்ய எடுத்துச் செல்வது தவிர்க்க முடியாதது என்றால், இரட்டைப் பிரதி ரசீது ஒன்று எழுதுங்கள். அதில் படத்தின் சுருக்கமான விவரம், ஏற்கெனவே உள்ள கிழிசல், திருப்பித் தரும் தேதி ஆகிய மூன்றும் இருக்கட்டும். கிழிசலை எழுதி வைப்பது சந்தேகத்தால் அல்ல. ஆறு மாதம் கழித்து அந்தக் கிழிசல் யாரால் ஏற்பட்டது என்ற பேச்சு வராமல் இருப்பதற்காக.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐம்பது ஆண்டுகளாகத் தொங்கிய படத்தை உடனே பிரித்துவிடத் துடிப்பார்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் முகங்கள் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அத்தகைய படத்தைச் சட்டத்தோடு வைத்து, விளக்கு கண்ணாடியில் பிரதிபலிக்காதபடி பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுப்பதே போதுமானது. நான் ஒருமுறை பெரிய குழுப்படம் ஒன்றின் உடைந்த கண்ணாடியை மாற்றச் சட்டம் போடும் கடை ஒன்றில் கொடுத்தேன். புதுச் சட்டத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று அவர்கள் அட்டையின் அடிப்பகுதியை நேர்த்தியாக வெட்டி எறிந்துவிட்டார்கள். அந்த இரண்டு அங்குலப் பட்டையில்தான் பெயர்கள் இருந்தன. வெட்டுவதற்கு முன் அதை ஒரு படம் எடுத்திருந்தால்கூட எனக்குப் போதும். அன்றிலிருந்து எந்தப் படமும் என் கைக்கு வந்தவுடன் முன்பக்கம், பின்பக்கம், அட்டையின் ஓரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகுதான் வேறு எதையும் தொடுகிறேன்.

எண்ணிடுவதும் ஸ்கேன் செய்வதும்

கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டுப் படத்தை ஓரங்களில் பிடித்துத் தூக்குங்கள். தூசியை மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டினால் போதும். ஈரத்துணியும் எச்சிலும் கூடவே கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைப் பின்பக்கத்தின் கீழ் மூலையில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊடுருவும், முகத்தில் வரியாகவும் விழும். பிற்காலத்து வழவழப்பான தாளில் பென்சில் எழுதாது. அப்படிப்பட்ட படத்தை உறையில் போட்டு, உறையின்மேல் எழுதிவிடலாம். கோப்பின் பெயரும் அதே எண்ணாக இருக்கட்டும்: "கிரி-0041-முன்", "கிரி-0041-பின்" என்பதுபோல. பேராயர் வருகை, ஞாயிறு பள்ளி என்று பொருள்வாரியாகக் கோப்புக்குப் பெயரிட்டால் பாதி வேலையிலேயே குழம்பிவிடுவீர்கள். பொருளைப் பட்டியல் ஏட்டில் எழுதிக்கொள்ளலாம்.

தட்டையான ஸ்கேனரில், நான்குக்கு ஆறு அங்குலம் அளவுள்ள படத்தை 600 டிபிஐ-இலும் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), அதைவிடச் சிறியவற்றை 1200 டிபிஐ-இலும் எடுத்து, டிஃப் (TIFF) வடிவில் ஒரு மூலப் பிரதியைச் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். பழுப்பின் சாயல், மைக்கறை, பென்சில் எழுத்து ஆகியவை காலத்தைக் கணிக்க உதவும் சான்றுகள், கறுப்பு வெள்ளை ஸ்கேனில் அவை போய்விடும். கீறலை நீக்குவது, வெளிச்சத்தைக் கூட்டுவது போன்ற திருத்தங்கள் எல்லாம் மலரில் அச்சிடுவதற்கான நகலில் மட்டும் நடக்கட்டும். கைப்பேசிச் செயலிகள் மங்கிய முகங்களைத் "தெளிவாக்கி" வேறு யாருடைய முகத்தையோ வரைந்துவிடுகின்றன. அதைப் பார்த்து ஒரு பாட்டி தன் அண்ணனை அடையாளம் காண முடியாமல் தவித்ததை நான் கண்டேன்.

நெகட்டிவ் கிடைத்தால் தனியாக வையுங்கள். 1950-க்கு முந்தைய ஃபிலிம் சில எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையாக இருக்கும், அவற்றை வெயில் படும் அலமாரியில் வைக்கக் கூடாது. காடி வாசம் வரும் ஃபிலிம் அழியத் தொடங்கிவிட்ட அசிடேட் வகை, அதை முதலில் நகலெடுத்துவிடுங்கள்.

படத்தின் காலத்தைக் கணித்தல்

நம் வட்டாரத்துக்குப் புகைப்படக் கலை வியக்கத்தக்க அளவு முன்னதாகவே வந்துவிட்டது. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப் இராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களையும் எடுத்த படங்கள் 1858-இலேயே தொகுப்பாக வெளிவந்தன. ஆனால் அவை கோட்டைகளும் குன்றுகளும் இடம்பெற்ற படங்கள். சபையார் கூடி அமர்ந்து எடுத்துக்கொண்ட குழுப்படங்களை அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எதிர்பார்க்க வேண்டும். அதனால் "இது 1860-ஆம் ஆண்டுப் படம்" என்று குடும்பத்தார் உறுதியாகச் சொன்னால், அதை அவர்கள் சொன்னதாகப் பட்டியலில் எழுதிவிட்டு, தாளை உற்றுப் பாருங்கள்.

மிக மெல்லிய தாள், தடித்த அட்டையில் ஒட்டப்பட்டது, பழுப்பு நிறம், வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகிவிட்டன என்றால் அது முட்டையின் வெள்ளைக்கரு பூசிய ஆல்புமன் தாளாக இருக்கலாம், அதாவது பெரும்பாலும் 1895-க்கு முந்தையது. அட்டை ஏறத்தாழ இரண்டரைக்கு நான்கு அங்குலம் என்றால் அது கார்ட்-டி-விசிட். 1854-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற அளவு. நாலேகாலுக்கு ஆறரை அங்குலம் என்றால் 1860-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய கேபினெட் அட்டை. சாய்த்துப் பிடித்துப் பார்க்கும்போது இருண்ட பகுதிகளில் பாதரசம் பூசியதுபோல் நீலமும் வெள்ளியும் கலந்த பளபளப்புத் தெரிந்தால் அது ஜெலட்டின் தாள், பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அட்டையில் நிக்கலஸ் அண்டு கம்பெனி, வீலி அண்டு கிளைன் போன்ற மதராஸ் ஸ்டூடியோக்களின் பெயர் இருந்தால், குருவானவரோ குடும்பமோ சென்னைக்குப் போயிருந்தபோது எடுத்ததாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட நமக்குப் பயன்படுவது பின்பக்கத்து ரப்பர் முத்திரை. நம் இரண்டு மாவட்டங்களின் எல்லைகள் மாறிய வரலாறே ஒரு காலக்கணக்கு. கிருஷ்ணகிரி ஸ்டூடியோவின் முகவரியில் "சேலம் ஜில்லா" என்றிருந்தால் அந்த முத்திரை 1965 அக்டோபர் 2-க்கு முன் செய்யப்பட்டது, ஏனென்றால் அன்றுதான் தருமபுரி தனி மாவட்டமானது. "கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்" என்றால் அதற்கும் 2004 பிப்ரவரி 9-க்கும் இடைப்பட்டது. 635001, 636701 என்ற ஆறு இலக்க எண் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். மாநிலத்தின் பெயர் மதராஸா தமிழ்நாடா என்பதும் 1969-ஐ எல்லையாக வைத்துச் சொல்லும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சிக்கனமான ஸ்டூடியோக்காரர்கள் பழைய முத்திரையைப் பல ஆண்டுகள் தேயத் தேயப் பயன்படுத்தினார்கள். ஆகவே முத்திரை "இதற்கு முன் இல்லை" என்பதற்கு நல்ல சாட்சி, "இதற்குப் பின் இல்லை" என்பதற்குப் பலவீனமான சாட்சி. மேலும் உங்கள் கையிலிருப்பது படத்தின் படமாகவும் இருக்கலாம். 1930-இல் எடுத்ததை 1970-இல் நகலெடுத்து முத்திரை குத்தியிருப்பார்கள். நகலில் மூலப்படத்தின் ஓரமும் ஆணித் துளையும் சேர்ந்து தெரிகின்றனவா என்று பாருங்கள்.

படத்துக்குள் இருக்கும் எழுத்துகளும் அப்படியே. பெயர்ப்பலகையில் எஸ்.ஐ.யூ.சி. என்றிருந்தால் 1908-க்கும் 1947-க்கும் இடையே, சி.எஸ்.ஐ. என்றிருந்தால் அதற்குப் பின். பள்ளிக் குழந்தைகளின் படத்தில் முன்வரிசைச் சிறுவன் பிடித்திருக்கும் சிலேட்டில் ஆண்டு எழுதியிருப்பார்கள். ஸ்கேனைப் பெரிதாக்கினால் வாசிக்கலாம். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தால் நெகட்டிவைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்தே இல்லாத படத்தில் பெண்களின் முந்தானையைக் கவனியுங்கள். எல்லோருக்கும் வலத் தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கிறது, "இடமிருந்து வலம்" என்று நீங்கள் எழுதப்போகும் பெயர் வரிசையும் அப்படியே தலைகீழாகிவிடும்.

உடையைப் பார்த்து ஊழியரை அறிதல்

பழைய குறிப்புகளில் பெயருக்கு முன் "கனம்" என்றும் பின் "ஐயர்" என்றும் இருக்கும். இங்கே ஐயர் என்பது சாதிப் பெயரன்று. போப் ஐயர், கால்டுவெல் ஐயர் என்று வெள்ளைக்காரரையும் அழைத்த புராட்டஸ்டண்டு மரியாதைச் சொல் அது. இதை அறியாத ஒரு தட்டச்சாளர் ஒரு மலரில் போதகர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து "ஐயர்" என்பதைப் பிழையென்று கருதி நீக்கியதையும் பார்த்திருக்கிறேன்.

கறுப்பு நீள்அங்கியின்மேல் தொளதொளத்த வெள்ளை மேலங்கி அணிந்திருந்தால் அவர் ஆங்கிலிக்கன் என்று கருத நல்ல காரணம் இருக்கிறது. அதன்மேல் அகலமான கறுப்புத் துண்டு இருபுறமும் தொங்கினால் சி.எம்.எஸ். பாணி நற்செய்தி மரபினர் என்றும், வேலைப்பாடுள்ள வண்ணத் தோள்பட்டை தொங்கினால் எஸ்.பி.ஜி. பாணி உயர்சபை மரபினர் என்றும் முதற்கட்டமாகக் குறித்துக்கொள்ளலாம். இது விதியல்ல, சாய்வு மட்டுமே. அதே தோள்பட்டை இடத் தோளிலிருந்து குறுக்காக இடுப்புவரை வந்தால் அவர் இன்னும் முழுக் குருப்பட்டம் பெறாத டீக்கன். ஒரே மனிதர் ஒரு படத்தில் குறுக்காகவும் இன்னொன்றில் நேராகவும் அணிந்திருந்தால், எது முந்தியது என்பது தெரிந்துவிடும். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை பொத்தான் வைத்த கறுப்புக் காலுறையும் முன்புறம் குட்டையான கறுப்பு அங்கியும் பேராயருக்கும் அவருக்கு அடுத்த நிலையிலுள்ள ஆர்ச்டீக்கனுக்கும் உரியவை.

வெள்ளை மேலங்கியே இல்லாமல் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டியுமாக இருப்பவர் எல்.எம்.எஸ். ஊழியராக இருக்கலாம். ஆனால் கழுத்தைச் சுற்றிய வட்டப் பட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது என்பதால், அதற்கு முந்தைய ஆங்கிலிக்கன் குருமாரும் வெள்ளை டை கட்டியே தெரிவார்கள். கறுப்பு மேலங்கியும் கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டைகளும் லுத்தரன் போதகர்களிடம் காணப்படுவது. மார்பில் புரளும் தாடியோடு நீள்அங்கி அணிந்தவர் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சங்கத்துக் கத்தோலிக்கக் குருவாக இருக்கலாம். அவர்கள் சேலம் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றியவர்கள், ஊர் விழாக்களில் எல்லோரோடும் சேர்ந்து படமெடுத்துக்கொண்டவர்கள். தலைப்பாகை கட்டியவர் உபதேசியாராகத்தான் இருக்க வேண்டும் என்றும் முடிவுகட்டாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுதேசி குருமாரிலும் தலைப்பாகை அணிந்தவர்கள் உண்டு. பெண் ஒருவர் குருவானவருக்குரிய தோள்பட்டையோடு நின்றால், தென்னிந்தியத் திருச்சபை பெண்ணுக்கு முதன்முதலில் குருப்பட்டம் அளித்த 1976-க்குப் பிந்தைய படம் அது.

பேராயர் இடம்பெற்ற படம் கிடைத்தால் அதை விடாதீர்கள், அவருடைய பதவிக்காலமே ஒரு வேலி. ஆங்கிலிக்கன் மதராஸ் பேராயத்தில் ஃபிரெடரிக் கெல் 1861 முதல் 1899 வரை இருந்தார். அவருக்குப் பின் 1922 வரை ஹென்றி வைட்ஹெட், இவர் தத்துவ அறிஞர் ஆல்ஃப்ரெட் நார்த் வைட்ஹெட்டின் உடன்பிறந்தவர். பிறகு வாலர் 1941 வரையும், ஹாலிஸ் 1942 முதலும் இருந்தார்கள். 1947-க்குப் பிந்தைய சேலம் பகுதிப் படமானால் 1950-இல் அமைந்த கோயம்புத்தூர் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமியா என்று பாருங்கள். நடுவில் இந்தியப் பேராயர் ஒருவர் இருக்க, பலரும் உடனே "அசரியா" என்று சொல்லிவிடுவார்கள். 1912-இல் அபிஷேகம் பெற்று 1945-இல் மறைந்த வி.எஸ். அசரியா தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயர். அவருடைய தெளிவான படம் ஒன்றோடு ஒப்பிடாமல் அந்தப் பெயரை எழுத வேண்டாம்.

பெயர்களைத் திரட்டுவது

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். படத்தை ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டு, அதன்மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். மூத்தவரிடம் படத்தைக் காட்டும்போது உங்கள் கையில் இந்தக் கோட்டுப்படம் இருக்கட்டும். "இவர் இன்னார்தானே?" என்று கேட்கவே கூடாது. நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால், மரியாதைக்காகவாவது "ஆமாம்" என்றுவிடுவார்கள். "இந்தப் படத்தில் உங்களுக்குத் தெரிந்த முகம் எது பாட்டி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முகம் நினைவுக்கு வராவிட்டாலும் இடம் நினைவுக்கு வரும். "குருமனைக் கிணற்றுப் பக்கம் எடுத்தது, அந்த வருஷம்தான் பந்தல் சரிந்தது" என்று தொடங்குவார்கள், அதிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். அனுமதி பெற்றுக் குரலைப் பதிவுசெய்துகொள்ளுங்கள், எழுதிக்கொண்டே கேட்டால் பேச்சு அறுந்துவிடும்.

கிடைக்கும் பெயர் பெரும்பாலும் "டீச்சரம்மா", "கம்பவுண்டர் தாத்தா", "ஐயரம்மா" என்ற அளவில்தான் இருக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள். இன்னொரு வீட்டில் அதே எண்ணுக்கு இயற்பெயர் கிடைக்கும். யார் சொன்னது, என்று சொன்னது, எவ்வளவு உறுதியோடு சொன்னது ஆகிய மூன்றையும் பெயருக்குப் பக்கத்தில் குறிக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் வைத்திருங்கள், பஞ்சாயத்துச் செய்வது நம் வேலையல்ல. மிஷனரிகள் எழுதிய பழைய படக்குறிப்புகளில் வெள்ளைக்காரர் பெயர் முழுமையாகவும், மற்ற எல்லோரும் "சுதேசி ஊழியர்கள்" என்ற ஒரே சொல்லாகவும் இருப்பார்கள். சில குறிப்புகள் இழிவாகவும் இருக்கும். அவற்றை அழிக்காமல் "மூலக்குறிப்பு" என்ற தலைப்பின்கீழ் பட்டியலில் வைத்துவிட்டு, மலரில் உங்கள் சொந்தக் குறிப்பை எழுதுங்கள்.

ஏடுகளோடு ஒத்துப் பார்த்தல்

சேகரத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் சடங்கை நடத்தியவர் பெயருக்கென்றே ஒரு பத்தி உண்டு. ஒவ்வொரு குருவானவரின் முதல் கையெழுத்துத் தேதியையும் கடைசித் தேதியையும் எடுத்து வரிசைப்படுத்தினால், ஒரே பிற்பகலில் ஊழியர்களின் காலவரிசை கிடைத்துவிடும். விடுப்பில் வந்தவரும் விருந்தினராக வந்தவரும் ஓரிரு முறை கையெழுத்திட்டிருப்பார்கள். அவர்களைச் சேகர குருவாக எழுதிவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி வைக்கப்படும் திருமணப் பதிவேட்டில் சாட்சிகளின் கையெழுத்து இருக்கும். பின்வரிசை மனிதர்களின் பெயர்கள் அதிகம் கிடைக்கும் இடம் அதுதான். பதிவேட்டைச் சேகர குருவின் அனுமதியோடு, அவருடைய அலுவலகத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலிக்கன் குருமாரின் கல்வி, குருப்பட்ட ஆண்டு, பணியாற்றிய இடங்கள் ஆகியவற்றை இங்கிலாந்தில் 1858 முதல் வெளிவரும் குரோக்ஃபோர்டு குருமார் கையேட்டில் தேடலாம். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும், எல்.எம்.எஸ். ஆவணங்கள் லண்டன் சோயஸ் நிறுவனத்திலும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்குப் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் ஓசூரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தொலைவுதான். கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள். கல் தேய்ந்திருந்தால், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் தொகுத்த கல்லறை வாசகங்களில் சேலம் ஜில்லாப் பகுதியைப் பாருங்கள்.

பத்திரமும் அனுமதியும்

படங்களை அமிலமற்ற காகித உறைகளில் இட்டு, எஃகு அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வைப்பதே போதும். பிசின் தடவிய ஒட்டும் ஆல்பங்களும் பிவிசி உறைகளும் செல்லோ டேப்பும் கரையானைவிட அதிகப் படங்களை அழித்திருக்கின்றன என்பது என் கணிப்பு. கணினிக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்தின் பதிப்புரிமை எடுத்தவரின் ஆயுட்காலத்துக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. எனவே ஸ்டூடியோ இன்னும் நடந்துகொண்டிருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை. அதைவிட முக்கியமானது படத்தில் இருப்பவர்களின் விருப்பம். தங்கள் பெயரோ பெற்றோரின் பெயரோ சபைப் படத்தோடு அச்சில் வருவதைச் சில குடும்பங்கள் விரும்பமாட்டார்கள். காரணம் கேட்காதீர்கள். அந்தப் பெயரைச் சபையின் பட்டியல் ஏட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலர் அச்சுக்குப் போகும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். விளைபொருள்களைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை அன்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊருக்கு வந்திருப்பார்கள். பெயர் தெரியாத முகங்கள் உள்ள படங்களைப் பெரிதாக அச்சிட்டு, எண்ணிட்ட கோட்டுப்படங்களைப் பக்கத்தில் வைத்து, ஏலம் நடக்கும் பந்தலுக்கு அருகே கண்மட்டத்தில் மாட்டுங்கள். மூலப்படங்களை அங்கே கொண்டுபோக வேண்டாம். கோட்டுப்படத்தில் அவர்களே எழுதட்டும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டாமல் வைத்தால் ஏலத்தின் முதல் பூசணிக்காய் விலைபோவதற்குள் பென்சில் காணாமல் போய்விடும்.